பிரேக் போட்டும் மெஷின் நகருதா? எது நகருதுன்னு பாத்து சரி பண்ற வழி

ஆபரேஷன் தியேட்டர்ல அல்ட்ராசவுண்ட் மாதிரி வீல் வச்ச மெஷினைப் பாத்து வேலை நடக்குது. ஊசி உள்ள போயாச்சு, ஸ்க்ரீன்ல முனை தெரியுது, அந்த நேரம் பாத்து மெஷின் ரெண்டு விரல் அகலம் நகருது. "பிரேக் போடலையா?"ன்னு டாக்டர் கேப்பார், "போட்டாச்சு சார்"னு பதில் வரும். ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்ல. பிரேக்னு நாம மிதிக்கிறது பல மெஷின்ல ஒரே ஒரு வேலையதான் செய்யும், வீல் உருளாம பிடிக்கும், அவ்வளவுதான். ஆனா உருளாமலே வீல் திரும்பலாம், திரும்பாமலே வழுக்கலாம், கீழ ஆணி அடிச்ச மாதிரி நின்னும் மேல் பாகம் ஆடலாம், எல்லாம் சரியா இருந்தும் மொத்தமா சாயலாம். ஒவ்வொண்ணுக்கும் மருந்து வேற. எது நகருதுன்னு பாக்காம "பிரேக் போச்சு"ன்னு எழுதி அனுப்பினா, மெஷின் அப்படியே திரும்பி வரும், அடுத்த கேஸ்ல மறுபடி நகரும்.

கேஸ் நடுவுல நகர ஆரம்பிச்சா

இதை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா அந்த நேரத்துல உக்காந்து படிக்க முடியாது. முதல் வேலை வாயாலதான். "மெஷின் நகருது, கை நிறுத்துங்க"ன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க. பதறிப்போய் பெடலை மறுபடி மிதிக்காதீங்க. நிறைய பெடல் ஒரு மிதிக்கு லாக், அடுத்த மிதிக்கு ரிலீஸ், அதனால நீங்க லாக் பண்றதா நினைச்சு கழட்டி விட்டுடலாம், மிதிக்கிற அதிர்ச்சியும் நேரா மேல போகும். ஸ்க்ரப் ஆகாத, அதாவது கை கழுவி ஸ்டெரைல் கவுன் போடாத ஒருத்தர் மெஷினோட ஃப்ரேமை, ட்ரேப் (ஸ்டெரைல் உறை) போட்ட பாகத்தைத் தொடாம, முடிஞ்ச அளவு தாழ்வா ரெண்டு கையால பிடிச்சு இடுப்பை ஒட்டி நிக்கணும். ஊசியோ கருவியோ பத்திரமான நிலைக்கு வந்துச்சுன்னு டாக்டர் வாயால சொன்ன பிறகுதான் கீழ குனியணும்.

முதல்ல ஒரு சோதனை, பேஷன்ட் வர்றதுக்கு முன்னாடி

மெஷின் எங்க நின்னு வேலை செய்யப் போகுதோ அங்கயே கொண்டு போய் நிறுத்தி, வழக்கம் போல பிரேக் போடுங்க. ஒவ்வொரு வீல் பக்கத்துலயும் தரையில ஒரு சின்ன துண்டு பிளாஸ்டர், அதுக்கு நேரா வீல் மேலயும் ஒரு துண்டு. இப்ப இடுப்பு உயரத்துல கை வச்சு, யாராவது தெரியாம இடிச்சா எவ்வளவு வேகம் இருக்குமோ அவ்வளவு தள்ளுங்க, முன்னாடி ஒரு தடவை, பக்கவாட்டுல ஒரு தடவை. தள்ளுற ஆளுக்கு கீழ நடக்குறது தெரியாது, இன்னொருத்தர் குனிஞ்சு வீலை மட்டும் பாக்கணும்.

வீல்ல ஒட்டின துண்டு சுத்தி மேல ஏறினா உருளுது. வீல் சுத்தாம, அதைப் பிடிச்சிருக்குற ஃபோர்க் மட்டும் திரும்பினா அது வேற கதை. ரெண்டுமே இல்லாம வீல் மொத்தமா தரைத் துண்டை விட்டுத் தள்ளிப் போயிருந்தா வழுக்குது. கீழ எதுவுமே அசையல, ஆனா மானிட்டர் ஆடுதுன்னா பிரச்சனை மேல. தள்ளும்போது ஏதாவது ஒரு வீல் தரையை விட்டு எழும்பினா, அதைத்தான் எல்லாத்துக்கும் முன்னாடி கவனிக்கணும்.

பெடல் கீழ இருக்கு, வீல் உருளுது

பாதி நேரம் பெடல் முழுசா இறங்கியிருக்காது. ஒரே பெடல்ல நாலு வீலும் லாக் ஆகுற கட்டில், ட்ராலி எல்லாத்துலயும் பொதுவா மூணு நிலை உண்டு, ஒரு பக்கம் பிரேக், நடுவுல எதுவும் இல்லாத நிலை, மறுபக்கம் நேரா ஓட்டுற நிலை. நிறைய கம்பெனி பிரேக் பக்கத்துக்கு சிவப்பும் ஓட்டுற பக்கத்துக்கு பச்சையும் போடுவாங்க. கால் நுனியால மிதிச்சா நடுவுலயே நின்னுடும், பாக்குறதுக்கு லாக் ஆன மாதிரியே இருக்கும். மிதிச்ச பிறகு ஒரு தடவை தள்ளிப் பாக்குறதத் தவிர இதுக்கு வேற நம்பகமான வழி எனக்குத் தெரியல.

முழுசா மிதிச்சும் உருண்டா, நாலு மூலையையும் தனித்தனியா தள்ளிப் பாருங்க. மூணு பிடிச்சு ஒண்ணு மட்டும் உருண்டா அந்த வீலோட பிரேக் தேஞ்சிருக்கு, இல்ல டயர் தேஞ்சு பிரேக் கட்டை எட்டல. ஒரு பக்க ரெண்டு வீலும் சேந்து உருண்டா உள்ள போற கம்பி, அதாவது பெடலையும் வீலையும் இணைக்கிற லிங்க், தளர்ந்திருக்கும். இது ரெண்டும் பயோமெடிக்கல் ஆளு, அதாவது ஆஸ்பத்திரி மெஷின் ரிப்பேர் பாக்குறவர், கழட்டிப் பாக்க வேண்டிய வேலை.

நம்மால முடியுறது ஒண்ணு இருக்கு, அழுக்கு. வீலுக்கும் ஃபோர்க்குக்கும் நடுவுல தலைமுடி, தையல் நூல், பிளாஸ்டர் துண்டு, காஸ் (காயத்துக்கு வைக்கிற வலைத்துணி) நூல் எல்லாம் சுத்தி ஒரு வளையம் மாதிரி இறுகிப் போயிருக்கும். கிளவுஸ் போட்டுக்கிட்டு ஃபோர்செப்ஸால இழுத்தா கொத்தா வரும். அது பிரேக் கட்டைக்கும் டயருக்கும் நடுவுல போனா பிரேக் பிடிக்காது, அச்சுல சுத்திக்கிட்டா வீல் இறுகிடும். எடுத்த பிறகு எண்ணெய் விடாதீங்க. பிரேக்ல எண்ணெய் பட்டா வழுக்கும்ங்கறது ஒரு பக்கம், ஆக்சிஜன் சிலிண்டர் ட்ராலியா இருந்தா எண்ணெயும் கிரீஸும் அதிக அழுத்த ஆக்சிஜனும் சேந்தா தீப்பிடிக்கும். எண்ணெய்க் கையோட சிலிண்டர் வால்வு, ரெகுலேட்டர் பக்கம் போகவே கூடாது.

காத்து அடிக்கிற டயர் உள்ள வீல்சேர்ல பிரேக் வேலை செய்யலைன்னா முதல்ல டயரை அழுத்திப் பாருங்க. அதுல பிரேக் கட்டை டயரைத்தான் அழுத்தும், காத்து குறைஞ்சா டயர் உள்வாங்கி பிடிமானம் போயிடும், பிரேக்ல ஒரு கோளாறும் இருக்காது.

வீல் உருளல, ஆனா மெஷின் வளைஞ்சு வளைஞ்சு நகருது

இதைப் பத்திதான் நிறைய சொல்லணும், ஏன்னா அதிகமா ஏமாத்துறது இதுதான்.

நான் வேலை பாத்த ஒரு இடத்துல அல்ட்ராசவுண்ட் வச்சு கழுத்துல சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்ல போடுற ட்யூப்) போட்டுக்கிட்டு இருந்தாங்க. மெஷினோட முன் வீல் ரெண்டுலயும் பிரேக் நான்தான் மிதிச்சேன். டாக்டர் ஸ்க்ரீனைப் பாக்க லேசா சாஞ்சாங்க, முழங்கை ஓரத்துல பட்டுச்சு, மெஷினோட மூஞ்சி ஒரு வில்லு மாதிரி திரும்பி மூணு செ.மீ. கிட்ட நகந்துடுச்சு. ஊசி முனை பார்வையிலருந்து போச்சு. டாக்டர் கையை அசைக்காம நின்னாங்க, சிஸ்டர் மெஷினைப் பிடிச்சுக்கிட்டாங்க, பேஷன்டுக்கு ஒண்ணும் ஆகல. கேஸ் முடிஞ்சதும் நான் தரையில உக்காந்து அந்த வீலை கையால சுத்திப் பாத்தேன், அசையவே இல்ல, பிரேக் கச்சிதமா இருந்துச்சு. ஆனா ஃபோர்க் மட்டும் என் ஒரு விரலுக்கே கதவுக் கீல் மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போயிட்டு வந்துச்சு. உருள்றதை மட்டும் நிறுத்துற பிரேக் அது, திரும்புறதை நிறுத்தாது.

காஸ்டர் வீலை, அதாவது எல்லாப் பக்கமும் திரும்புற இந்த வகை வீலை, பக்கவாட்டுல இருந்து பாருங்க. வீல் தரையைத் தொடுற இடம் மேல உள்ள திருகு மையத்துக்கு நேர் கீழ இருக்காது, கொஞ்சம் தள்ளி இருக்கும். அந்தத் தள்ளல் இருக்குறதாலதான் தள்ளுற பக்கம் வீல் தானா திரும்புது. அதே தள்ளல்தான் இங்க நமக்கு வினை. உதாரணத்துக்கு அது 4 செ.மீ.ன்னு வச்சுக்கிட்டா, வீல் பூட்டின பிறகும் மெஷினோட அந்த மூலை 4 செ.மீ. ஆரத்துல வட்டம் அடிக்க இடம் இருக்கு.

சரி பண்றது எப்படி? உருள்றது, திரும்புறது ரெண்டையும் சேத்துப் பூட்டுற காஸ்டர் இருக்கு, டோட்டல் லாக்னு சொல்வாங்க. மெஷின்ல அது இருக்கான்னு பாக்க, பிரேக் போட்டுட்டு ஃபோர்க்கை காலால பக்கவாட்டுல தள்ளுங்க, அசையலைன்னா இருக்கு. இல்லைன்னா, புதுசா காஸ்டர் மாத்தும்போது அதைக் கேளுங்க, அதுவரைக்கும் நிறுத்துற விதத்துலயே பாதி பிரச்சனையைக் குறைக்கலாம்.

மெஷினை பேஷன்ட் பக்கம் முன்னாடி தள்ளிக்கிட்டு வரும்போது எல்லா வீலும் பின்னாடி பாத்து இழுபட்டு வரும், அதாவது முன் வீல் ரெண்டும் மெஷினுக்கு அடியில ஒளிஞ்சுக்கும். அப்படியே பிரேக் போட்டா, ஆர்ம் (மெஷின்ல இருந்து நீளுற கை) நீட்டிக்கிட்டு இருக்குற முன்பக்கம்தான் ஆதாரம் குறைவா இருக்கும். அதனால வேண்டிய இடத்தை விட ஒரு சாண் முன்னாடி கொண்டு போய், அங்கருந்து மெதுவா பின்னாடி இழுத்து நிறுத்துங்க. இப்ப முன் வீல் ரெண்டும் திரும்பி வெளிய, பேஷன்ட் பக்கம் நீட்டிக்கிட்டு நிக்கும், ஆதாரம் அந்தப் பக்கம் நீளும். வீல்சேர்ல ஆளை எறக்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னாடி இழுத்து முன் வீலை முன்பக்கம் பாக்க வைக்கச் சொல்றதும் இதுக்குத்தான். பெரிய ஆர்ம் உள்ள எந்த மெஷினுக்கும் இதைப் பழகிக்கோங்க, சொல்லிக் குடுக்க ஒரு நிமிஷம் ஆகும், அவ்வளவுதான்.

லாக் ஆன வீல் அப்படியே வழுக்கிப் போகுது

தரையில என்ன இருக்குன்னு பாருங்க. அல்ட்ராசவுண்ட் ஜெல், சலைன், பீட்டாடின், துடைச்ச சோப்புத் தண்ணி காஞ்ச படலம், கீழ தொங்குற பிளாஸ்டிக் ஷீட்டோட ஓரம், இதுல ஏதாவது ஒண்ணு போதும். தரையைத் துடைச்சா மட்டும் பத்தாது, வீல்ல ஒட்டியிருக்குறது அங்கேயே இருக்கும். ஈரத்துணி ஒண்ணு, காஞ்ச துணி ஒண்ணு தரையில விரிச்சு, பிரேக் எடுத்துட்டு வீல் ஒரு முழு சுத்து சுத்துற அளவு மேல ஓட்டுங்க. கண்ட திரவமும் போட்டுத் துடைக்காதீங்க, ரப்பர் கெட்டுப்போகும்.

துடைச்சும் வழுக்கினா எடை எங்க நிக்குதுன்னு யோசிங்க. பூட்டின வீல் மேல எவ்வளவு எடை இறங்குதோ அதைப் பொறுத்துதான் பிடிமானம். பிரேக் உள்ள ரெண்டு வீலும் லேசான பக்கம் இருந்து, கனம் எல்லாம் பிரேக் இல்லாத பக்கம் இருந்தா, பூட்டின வீலை மெஷின் இழுத்துக்கிட்டே போயிடும். ரெண்டு வீல்ல மட்டும் பிரேக் உள்ள ட்ராலியை, பிரேக் வீல் கனமான பக்கம் வர்ற மாதிரி அடுக்குங்க. தண்ணி வடியறதுக்காக தரை சரிவா இருக்குற ரூம்ல பிரேக் வீல் சரிவோட கீழ்ப்பக்கம் இருக்கட்டும்.

பூட்டினபடியே மெஷினை இழுத்துட்டுப் போற பழக்கம் இருந்தா வீல்ல ஒரு இடம் தட்டையா தேஞ்சுடும், ஓட்டும்போது டக் டக்குன்னு சத்தம் வரும். அந்த வீலை மாத்தணும்.

நாலு வீல்ல ஒண்ணு சும்மா நிக்குது

மூலைக்கு மூலை தட்டுதுன்னா இதுதான். ஒரு பேப்பரை ஒவ்வொரு வீலுக்கு அடியிலயும் நுழைச்சுப் பாருங்க, எங்க தடையில்லாம போகுதோ அந்த வீல் தரையில படல. மூணு கால் எப்பவும் தரையில பட்டு நிக்கும், நாலு காலுக்கு தரை சமமா இருந்தாகணும். படாத வீல்லதான் உங்க பிரேக் இருக்குன்னா பிரேக்கே போடாத மாதிரிதான். நாலு வீல் வண்டிக்கு காஸ்டர் தேர்ந்தெடுக்கும்போது மொத்த எடையை 4-ஆல வகுக்காம 3-ஆல வகுக்குறது இதை நினைச்சுதான்.

கையளவு தள்ளி நிறுத்திப் பாருங்க, இல்ல கால்வாசி திருப்பி நிறுத்துங்க. டைல்ஸ் விளிம்போ, கீழ மாட்டின வயரோ காரணமா இருந்தா அதோட தீந்துடும். எங்க நிறுத்தினாலும் அதே வீல்தான் தூக்குதுன்னா ஃப்ரேம் வளைஞ்சிருக்கு, இல்ல காஸ்டர் தண்டு தளர்ந்திருக்கு, இல்ல யாரோ ஒரு வீலை மட்டும் மாத்தி அது மத்ததை விட உயரமா இருக்கு. மாத்துறப்ப விட்டமும் வகையும் ஒண்ணா இருக்கணும். மஞ்சள் குறி போட்ட வீல் இருந்துச்சுன்னா அது பெரும்பாலும் ஸ்டாட்டிக் மின்சாரத்தை தரைக்குக் கடத்துற வகை, அந்த இடத்துல சாதா வீலைப் போடக்கூடாது. காஸை மடிச்சு அடியில வைக்கிறதை தயவுசெஞ்சு செய்யாதீங்க, அது நனையும், நழுவும், நழுவுற நேரத்தை நாம முடிவு பண்ண முடியாது.

கீழ அசையல, மேல ஆடுது

வீல்ல காலை ஒட்டி வச்சுக்கிட்டு மேல லேசா தட்டுங்க. அடி அசையாம மேல ஆட்டம் நிக்க நேரம் எடுத்துச்சுன்னா ஜாயின்ட்டுகளை ஒவ்வொண்ணா பிடிச்சுப் பாருங்க, எந்த ஜாயின்டைப் பிடிச்சா ஆட்டம் நிக்குதோ அதுக்குக் கீழ உள்ள இணைப்புதான் லூஸ். ஆர்ம் முழுசா நீட்டியிருந்தா மெஷினையே பக்கத்துல கொண்டு வந்து ஆர்மை மடக்குங்க, மடக்க மடக்க ஆட்டம் குறையும்.

ஆபரேட்டிங் மைக்ரோஸ்கோப்ல இது இன்னும் கடுமை. 10 மடங்கு பெருசா காட்டினா ஆட்டமும் 10 மடங்கு பெருசாத்தான் தெரியும். கை எடுத்ததும் மைக்ரோஸ்கோப் தானா மேலயோ கீழயோ நகந்தா அது வீல் பிரச்சனையே இல்ல, பேலன்ஸ். கேமராவோ அசிஸ்டன்ட் டியூபோ புதுசா மாட்டினாலும் கழட்டினாலும் மறுபடி பேலன்ஸ் பண்ணணும், ட்ரேப் போட்டா அதுக்கும் சேத்து. நாப் எல்லாத்தையும் இறுக்கி சமாளிச்சா, டாக்டர் நகத்தும்போது ஒட்டிக்கிட்டு திடீர்னு விடும்.

சாயுற மாதிரி இருக்கு

ஐ.வி. ஸ்டாண்டை எடுத்துக்குவோம். மருந்து ஏத்துற பம்ப்பெல்லாம் சேத்து 20 கிலோ, அஞ்சு கால், மையத்துல இருந்து ஒவ்வொரு காலும் 25 செ.மீ.ன்னு வச்சுக்குங்க. 150 செ.மீ. உயரத்துல ஒரு காலுக்கு நேரா இழுத்தா சாய்க்க சுமார் 3.3 கிலோ அளவு இழுப்பு போதும். ரெண்டு காலுக்கு நடுவுல இழுத்தா 2.7 கிலோ. ஒரு ட்யூப் மாட்டி இழுத்தாலே இவ்வளவு வந்துடும். அதே ஸ்டாண்டை 75 செ.மீ. உயரத்துல இழுத்தா ரெண்டு மடங்கு வேணும். இது எடை நடுவுல இருக்குற கணக்கு. மூணு பம்ப்பையும் ஒரே பக்கம், அதுவும் கழுத்து உயரத்துல மாட்டினா இன்னும் கம்மியில சாயும். பம்ப்பை கீழ இறக்குங்க, காலுக்கு நேர் மேல வர்ற மாதிரி திருப்புங்க, 1 லிட்டர் சலைன் பை ஒவ்வொண்ணும் 1 கிலோ மேல, அதையும் எதிரெதிர் கொக்கியில மாட்டுங்க.

இன்னொண்ணு. லாக் பண்ணாத ஸ்டாண்டை இழுத்தா உருண்டு கூட வரும், லாக் பண்ணினதை இழுத்தா சாயும். அதனால எழுந்து நடக்குற பேஷன்டோட ஸ்டாண்டுக்கு பிரேக் போட்டு விடுறது பாதுகாப்புன்னு நினைச்சுடாதீங்க, கூடவே தள்ளிக்கிட்டுப் போறவங்களுக்கு அது தடுக்கும்.

லேப்ராஸ்கோப்பி டவர், எமர்ஜென்சி ட்ராலி மாதிரி உயரமானதுல டிராயரை ஒண்ணுக்கு மேல திறந்து வைக்காதீங்க, பின்னாடி மாட்டுற சிலிண்டரை எடுத்தா முன்பக்கம் கனமாயிடும்ங்கறதையும் நினைவுல வச்சுக்கோங்க. மருத்துவக் கருவிக்கான ஐ.இ.சி. 60601-1ங்கற சர்வதேச பாதுகாப்பு விதியில, சாதாரண உபயோக நிலையில 5 டிகிரி சரிவுலயும், நகத்திக் கொண்டு போற நிலையில 10 டிகிரி சரிவுலயும் சாயக்கூடாதுன்னு சோதனை இருக்கு. அந்தச் சோதனை கம்பெனி சொன்ன இடத்துல கம்பெனி சொன்ன எடையை வச்சு செஞ்சது. நாம மேல ஒரு மானிட்டரைக் கூடுதலா கட்டின உடனே அந்த உத்தரவாதம் நமக்கு இல்ல.

எல்லாம் சரி, ஆனா ஏதோ இழுக்குது

வயரைப் பாருங்க. பவர் கேபிள் விறைப்பா இருந்தா யாராவது மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் மெஷின் ஒரு இழுப்பு வாங்கும். தரையில தாராளமா ஒரு வளையம் விட்டு வைங்க, நடக்குற பாதையில இல்லாம. அல்ட்ராசவுண்ட் ப்ரோப் வயர் வீலுக்கு அடியில போனா மெஷினும் நொண்டும், வயரும் போகும். அனஸ்தீசியா மெஷின் நகந்தா ப்ரீத்திங் சர்க்யூட் (பேஷன்டுக்கு மூச்சு போற குழாய்கள்) இழுபட்டு மூச்சுக்குழாய் ட்யூபையே இழுக்கும், அதனால டேபிளைத் திருப்புறதுக்கு முன்னாடி சர்க்யூட்டை யார் பிடிக்கிறாங்கன்னு பேசி வச்சுட்டுத்தான் திருப்பணும். எம்.ஆர்.ஐ. ரூம்ல காந்தமே இழுக்கும், அங்க பிரேக் உதவாது, அந்த ரூமுக்குன்னு அனுமதிச்ச மெஷின் மட்டும்தான், அதுவும் சொன்ன தூரத்துல, சொன்ன மாதிரி கட்டி.

கட்டில்ல இருந்து ட்ராலிக்கு ஆளை மாத்தும்போது நடுவுல பிளவு விழுறதும் இதே இனம்தான், ஆளை இழுக்குற விசை கட்டிலையும் ட்ராலியையும் ஒண்ணை விட்டு ஒண்ணைத் தள்ளும். ரெண்டையும் லாக் பண்ணுங்க, ரெண்டு வெளிப்பக்கமும் ஒவ்வொருத்தர் தொடையை ஒட்டி நில்லுங்க.

பயோமெடிக்கலுக்கு எழுதும்போது

"பிரேக் வேலை செய்யல"ன்னு எழுதாதீங்க. எந்த வீல், இடது முன்னா வலது பின்னா, உருளுதா திரும்புதா வழுக்குதா, எந்த ரூம்ல, ஆர்ம் எந்தப் பக்கம் நீட்டியிருந்துச்சு, மேல கூடுதலா என்ன மாட்டியிருந்துச்சுன்னு எழுதுங்க. சோதனைக்கு ஒட்டின பிளாஸ்டரை அந்த வீல்லயே விட்டுட்டு தேதி போட்டு வைங்க, வர்றவர் நேரா அந்த வீல்கிட்டதான் குனிவார். அவர் கையெழுத்துப் போடுற வரைக்கும் மெஷின் தியேட்டருக்கு வெளியவே நிக்கட்டும்.